வடசென்னை வீட்டுக் குளியலறைக்குக் கண்ணாடி ஷவர் தடுப்பு: தேர்ந்தெடுக்கும் முறை

குளியலறையில் ஷவர் இருக்கும் மூலையை மட்டும் கண்ணாடியால் பிரித்து, கழிப்பிடமும் வாஷ்பேசினும் இருக்கும் பக்கம் ஈரமாகாமல் வைத்திருப்பதே ஷவர் தடுப்பின் வேலை. கடைகளில் இதை ஷவர் கேபின், ஷவர் பார்ட்டிஷன், கிளாஸ் தடுப்பு என்று பல பெயர்களில் சொல்வார்கள். முதன்முறையாக வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கண்ணாடியின் தடிமனைப் பற்றியும் அதன் நிறத்தைப் பற்றியும் நிறையப் பேசுவார். ஆனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் நம் பகுதியில் முதலில் கெட்டுப்போவது கண்ணாடி அல்ல. அதைப் பிடித்து நிற்கும் கீல், திருகு, கைப்பிடி ஆகிய உலோகப் பாகங்களும் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையும்தான். ஆகவே குளிக்கும் பழக்கம், இடத்தின் அளவு, கதவின் வகை, உலோகம், சுவரும் தரையும் ஆகியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அதை இடையில் சொல்லிவிடுகிறேன்.

குளிக்கும் பழக்கத்தைக் கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் குளித்து முடித்ததும் தண்ணீர் எதுவரை தெறித்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சுவர் டைல்ஸின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வாருங்கள். ஏழாம் நாள் அந்த டேப் துண்டுகளைப் பார்த்தாலே தடுப்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இப்படிச் செய்தபோது, ஐந்து அடி தேவைப்படும் என்று நான் நினைத்திருந்த தடுப்புக்கு இரண்டே முக்கால் அடி போதும் என்று தெரிந்தது.

தெறிப்பு குறைவாக இருந்ததற்குக் காரணம் தண்ணீரின் அழுத்தம். மேல்தொட்டியில் உள்ள நீர்மட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு அந்த உயரம் இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும் என்பதால், தண்ணீர் சீறாமல் நேராகவே விழும். மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்திலோ, பிரஷர் பம்ப் வைத்த வீட்டிலோ தெறிப்பு கூடுதலாக இருக்கும். அங்கே தடுப்பும் நீளமாக வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள்: ஷவரில் குளிப்பவர்கள் யார், வாளியில் மொண்டு குளிப்பவர்கள் யார்? மெட்ரோ தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் காத்திருந்த காலத்தில் பழகிய வாளிக் குளியலைப் பலர் இன்னும் விடவில்லை. என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டுதான் தலைக்கு ஊற்றிக்கொள்வார். மூன்றுக்கு மூன்று அடிக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வாளியையும் முக்காலியையும் வைத்துவிட்டால், சீயக்காயைத் தலையில் தேய்க்கக் கையைத் தூக்கும்போது முழங்கை கண்ணாடியில் இடிக்கும். அத்தகைய வீட்டுக்கு நான்கு பக்கமும் மூடிய கூண்டு பொருந்தாது. ஒரு பக்கம் திறந்த தடுப்பே சரி.

இடத்தை அளக்கும் முறை

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனிக் குளியலறைக்குக் குறைந்தது 1.8 சதுர மீட்டரும், கழிப்பிடத்தோடு சேர்ந்த குளியலறைக்கு 2.8 சதுர மீட்டரும் இருக்க வேண்டும் என்கிறது. 2.8 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ முப்பது சதுர அடி. பழைய வண்ணாரப்பேட்டையின் ஒண்டுக்குடித்தன வீடுகளிலும் பழைய அடுக்ககங்களிலும் அதுகூட இருப்பதில்லை. நின்று குளிக்க மூன்றடிக்கு மூன்றடி, அதாவது 900 மில்லிமீட்டர் சதுரம் இருந்தால் வசதியாக இருக்கும். இரண்டரை அடிக்குக் கீழே போனால் குனிந்து சோப்பை எடுப்பதே சிரமமாகிவிடும். உள்ளே போகும் வழி இரண்டு அடிக்குக் குறையக்கூடாது.

அளவை அடிக்கணக்கில் எடுக்காமல் மில்லிமீட்டரில் எடுங்கள். டைல்ஸ் ஒட்டி, அவற்றின் இடைவெளியை அடைக்கும் கிரௌட் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும். டைல்ஸும் பசையும் சேர்ந்து ஒவ்வொரு சுவரிலும் ஓர் அங்குலம் வரை தின்றுவிடும் என்பதால் வெறும் சுவரை அளந்து ஆர்டர் கொடுப்பது தவறு. அகலத்தைத் தரையிலும், இடுப்பு உயரத்திலும், தலைக்கு மேலும் என மூன்று இடங்களில் எடுத்து மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டுச் சுவர்களில் பத்து மில்லிமீட்டர் சாய்வு மிகச் சாதாரணம். சட்டம் வைத்த தடுப்பு அந்தச் சாய்வை ஓரளவு மறைத்துவிடும். சட்டமில்லாத கண்ணாடியானால் அதைச் சாய்வுக்கு ஏற்றபடி வெட்டச் சொல்லித்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். கண்ணாடியைக் கடினப்படுத்திய பிறகு அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூடக் குறைக்கவோ ஒரு துளை போடவோ முடியாது. அதனால் பொருத்தப் போகிறவரே நேரில் வந்து அளக்கும்படி வற்புறுத்துங்கள். நீங்கள் எடுத்த அளவு அவர் எடுக்கும் அளவைச் சரிபார்க்க மட்டுமே.

எந்த வகைத் தடுப்பு

கீல் வைத்துத் திறக்கும் கதவு உறுதியானது, சுத்தம் செய்ய எளிது. ஆனால் அது திறந்து வரும் இடத்தில் கழிப்பிடமோ வாஷ்பேசினோ இருக்கக்கூடாது. கதவு வெளிப்பக்கமாகவும் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் மட்டும் திறக்கும் கதவைத் தள்ளி உதவிக்குப் போக முடியாது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

நகரும் கதவு இடத்தை மிச்சப்படுத்தும். அதன் குறை கீழே உள்ள தடத்தில் இருக்கிறது. சோப்பு நுரையும் தலைமுடியும் உப்பும் சேர்ந்து அந்தத் தடத்தை அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் குளியலறை வாயிலாகவே எதிர்த்து ஏறும் தரைத்தள வீடுகள் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அதை அனுபவித்தவர்களுக்கு, சேறு புகுந்த தடத்தைச் சுத்தம் செய்வது எத்தகைய வேலை என்று நான் சொல்லத் தேவையில்லை. அத்தகைய வீட்டில் தரையில் தடமே இல்லாத வகையைத் தேடுங்கள்.

மடிக்கும் கதவில் கீல்கள் இரட்டிப்பு என்பதால் நம் காற்றுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அறையின் மூலையில் வளைந்து நிற்கும் கூண்டு பார்க்க அழகாக இருக்கும். வளைந்த கண்ணாடி உடைந்தால் அதே வளைவில் மாற்றுக் கண்ணாடி கிடைப்பது கடினம்.

நம் பகுதியின் சிறிய குளியலறைகளுக்கு நான் முதலில் சொல்வது கதவே இல்லாத ஒற்றைக் கண்ணாடியைத்தான். இரண்டரை அல்லது மூன்றடி அகலம், ஆறரை அடி உயரம், ஒரு பக்கம் சுவரில் பொருத்தி, மேல் மூலையிலிருந்து எதிர்ச்சுவருக்கோ பக்கச் சுவருக்கோ ஒரு தாங்குகம்பி. கீல் கிடையாது, சக்கரம் கிடையாது, தடம் கிடையாது. துருப்பிடிக்க இருப்பது இரண்டு மூன்று பாகங்கள்தான். வாளிக்கும் முக்காலிக்கும் வழி இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் வெளியே தெறிக்கும் என்பது உண்மை. முன்னே சொன்ன டேப் சோதனையைச் செய்தவர்களுக்கு அது எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரைத் துளைக்க வேண்டாம். இரு சுவர்களுக்கு இடையே இறுக்கி நிறுத்தும் கம்பியும் துவைக்கக்கூடிய திரையும் போதுமானவை.

கண்ணாடியில் பார்க்க வேண்டியவை

டஃபன்டு கிளாஸ் எனப்படும் கடினப்படுத்திய கண்ணாடியைத் தவிர வேறெதையும் குளியலறையில் நிற்க வைக்கக்கூடாது. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமான காற்றால் சட்டென்று குளிர வைத்து இதைத் தயாரிக்கிறார்கள். உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகப் பிளக்காமல், கற்கண்டு போலச் சிறு சிறு துணுக்குகளாக உதிரும். இதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2553, பகுதி 1. கண்ணாடியின் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கும், ஐ.எஸ்.ஐ. குறியும் தயாரிப்பாளர் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முத்திரை இல்லாத கண்ணாடியை, எவ்வளவு விலை குறைத்துத் தந்தாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சட்டம் உள்ள தடுப்புக்கு 6 மில்லிமீட்டரும், சட்டமில்லாததற்கு 8 அல்லது 10 மில்லிமீட்டரும் பொதுவான தடிமன். தடிமன் கூடினால் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ எடை கூடுகிறது. இரண்டடி அகலமும் ஆறரை அடி உயரமும் கொண்ட கதவு 8 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 24 கிலோ, 10 மில்லிமீட்டரில் 30 கிலோ. அந்தச் சுமை முழுவதும் இரண்டு கீல்களிலும் அவற்றைப் பிடித்திருக்கும் சுவரிலும் இறங்குகிறது. திறந்து மூடும் கதவுக்கு 8 மில்லிமீட்டரே போதும் என்பது என் கருத்து.

மிக அரிதாக, கடினப்படுத்திய கண்ணாடி யாரும் தொடாமலே உடைந்து உதிர்வதுண்டு. உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள் ஒரு காரணம். பொருத்தும்போது ஓரத்தில் பட்ட அடி மற்றொரு காரணம். ஆகவே கண்ணாடியை இறக்கியதும் நான்கு ஓரங்களையும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மறைப்புக்காகச் சொரசொரப்பான கண்ணாடி வாங்கினால் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் சோப்புப் படலம் அதில் பற்றிக்கொள்ளும்.

உப்புக்காற்றும் உலோகமும்

பணத்தைக் கூடுதலாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். எவர்சில்வரில் பல தரங்கள் உண்டு. 304 என்ற தரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 316 என்ற தரத்தில் அவற்றோடு இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினமும் சேரும். உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தில் ஊசிமுனைக் குழிகளாக அரிப்பதைத் தடுப்பது அந்த மாலிப்டினம். 202 என்ற மலிவுத் தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். மூன்றும் கடை விளக்கில் ஒரே மாதிரி மின்னும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முதல் தடவை நான் வாங்கிய கீல்களை 304 என்று சொல்லித்தான் விற்றார்கள். காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்றும் காட்டினார்கள். ஆறாம் மாதம் கீலின் திருகுத் தலையைச் சுற்றித் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வட்டம் தோன்றியது. விரலால் துடைத்தபோது விரல் நுனியில் செம்மண் போல ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்த இடத்தில் மறுவாரமே மீண்டும் தோன்றியது. ஓராண்டுக்குள் கதவு தொங்கி, அடி ரப்பர் தரையில் உரசத் தொடங்கிவிட்டது. 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காந்தச் சோதனை 304 தரத்தை உறுதி செய்யாது. பழைய எவர்சில்வரைத் தரம் பிரித்து வாங்கும் வியாபாரிகளிடம் 202 தரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சொட்டு மருந்து இருக்கும். கீலின் பின்புறத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லலாம். அதோடு, தரத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பாரிமுனையைச் சுற்றியுள்ள ஹார்டுவேர் கடைத்தெருக்களில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு 316 தரத்தைக் கேளுங்கள். பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் என உள்ளே இருப்பவர்களுக்கு உண்மையான 304 போதும். கனமான பித்தளையில் குரோம் பூசிய கீலும் நல்ல தேர்வு. கையில் எடுத்தால் லேசாக இருக்கும் துத்தநாகக் கலவைக் கீலைத் தவிர்த்துவிடுங்கள். கறுப்பு, பொன் நிறப் பூச்சுகள் இப்போது நிறைய வருகின்றன; பூச்சுக்கு அடியில் என்ன உலோகம் என்று கேட்காமல் நிறத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். கீலோடு வரும் திருகுகளும் அதே தரத்தில் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை ஏமாற்று நடப்பது பெரும்பாலும் திருகில்தான்.

தண்ணீரும் இதில் பங்கு கொள்கிறது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரும் புழல் ஏரித் தண்ணீரும் குழாயில் வரும் வீடுகளில் கண்ணாடி ஓரளவு தெளிவாக இருக்கும். போர்வெல் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் வெள்ளைத் திட்டு படியும். ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரநிலை, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத நிலையில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டுக் குழாய் முனையில் சுண்ணாம்பு போல் படிகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது என்றால் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியின் பரப்பைக் குறைத்துத் திட்டமிடுங்கள்.

சுவரும் தரையும் தாங்குமா

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரானால் கவலையில்லை. அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவரிலும், புதிய அடுக்ககங்களின் இலேசான சிமென்ட் கட்டிச் சுவரிலும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும். அங்கே ரசாயனப் பசை ஊற்றிப் பதிக்கும் ஆங்கரைக் கேட்க வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடுகளில் டிரில் போட்டால் செங்கல் பொடியோடு காரையும் உதிர்ந்து துளை வாய் பிளந்துவிடும். எங்களுக்குப் பொருத்த வந்தவர் இரண்டாவது துளையிலேயே நிறுத்திவிட்டு, “அண்ணே, இந்தச் சுவத்துல கீல நம்பிக் கதவத் தொங்கவிட முடியாது” என்று சொன்னார். அவர் சொன்னது சரி. ஒற்றைக் கண்ணாடிக்கு நான் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். டிரில் போடும் முன் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்று பிளம்பரிடமோ கட்டியவரிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தரையின் வாட்டம், தண்ணீர் வடியும் ஜாலியை நோக்கி, மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இறங்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரைத் தடுப்பு வரப்போகும் கோட்டில் ஊற்றிப் பாருங்கள். அது வெளிப்பக்கம் ஓடினால் எவ்வளவு விலை உயர்ந்த தடுப்பும் பயன் தராது, கொத்தனாரை அழைத்து வாட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள். கோட்டின் மேல் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கிரானைட் வரப்பு போட்டு அதன்மேல் கண்ணாடியை நிறுத்தினால் கசிவு பெருமளவு குறையும். வரப்பின் மேற்பகுதியும் உட்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நடக்கச் சிரமப்படும் முதியவர் இருந்தால் வரப்பு காலில் தடுக்கும். அங்கே வாட்டத்தை மட்டுமே நம்புங்கள். அவர்களுக்கான கைப்பிடிக் கம்பியைச் சுவரில் பதியுங்கள். கண்ணாடியில் உள்ள கைப்பிடி ஆளின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

காற்றும் கெய்சரும்

கண்ணாடியைக் கூரைவரை எழுப்பாமல், மேலே ஒன்றரை அடியாவது திறந்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய கூண்டுக்குள் பூஞ்சை விரைவில் பிடிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் வேண்டும். குளியலறைக்குள் கேஸ் கெய்சர் இருந்தால் அதை வெளியே மாற்றிய பிறகே தடுப்பைப் பற்றி யோசியுங்கள். காற்றோட்டம் குறைந்த அறையில் எரியும் கேஸ், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். குளித்துக்கொண்டிருப்பவர் உணரும் முன்பே மயங்கி விழுந்துவிடுவார். மின் கெய்சரானால் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி வீட்டில் இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விலைப்பட்டியலும் பொருத்தும் நாளும்

மொத்த விலை ஒன்றை மட்டும் சொல்லும் கடையில், கண்ணாடிக்குச் சதுர அடிக்கு எவ்வளவு, கீல் முதலிய பாகங்களுக்கு எவ்வளவு, ஏற்றுக்கூலி, பொருத்துக்கூலி, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும். அடி ரப்பர் பட்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் மஞ்சளித்துக் கெட்டியாகிவிடும் என்பதால், மாற்றுப் பட்டை அதே கடையில் கிடைக்குமா என்று கேட்டு, முடிந்தால் இப்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பொருத்தும் நாளில் கண்ணாடியின் ஓரம் டைல்ஸின் மேல் நேரடியாக உட்காரக்கூடாது; இடையில் சிறு பிளாஸ்டிக் தகடு வைக்கச் சொல்லுங்கள். இடுக்குகளை அடைக்கப் பூசும் சிலிகானில் புளிக்காடி (வினிகர்) வாசனை அடிப்பது உலோகத்தை அரிக்கக்கூடியது. வாசனை குறைந்த, பூஞ்சை எதிர்ப்பு உள்ள நியூட்ரல் வகையைக் கேளுங்கள். பூசிய பிறகு ஒரு முழு நாள் தண்ணீர் படக்கூடாது. ஆகவே கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மறுநாள் ஷவரைப் பத்து நிமிடம் முழு வேகத்தில் திறந்துவிட்டு, வெளிப்பக்கத் தரையில் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். எங்கே நனைகிறதோ அங்கே சிலிகானைத் திரும்பப் போடச் சொல்லி, பிறகு மீதியைக் கொடுங்கள்.

பராமரிப்பு

கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் கண்ணாடியை மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்துவிட்டால் அரை நிமிட வேலை. உப்புத் திட்டு பெரும்பாலும் படியாது. படிந்துவிட்டால் வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டி வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் உடனே கழுவுங்கள். டைல்ஸ் கழுவ வாங்கும் ஆசிட்டை மட்டும் தடுப்பு உள்ள குளியலறையில் திறக்கவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை பட்டாலே 316 தரத்துக் கீல்கூடக் கறுத்துக் குழி விழுந்துவிடும். வீட்டைச் சுத்தம் செய்ய வரும் அக்காவிடம் இதைச் சொல்லிவைத்து, ஆசிட் பாட்டிலுக்குப் பதில் வினிகர் பாட்டிலைக் குளியலறை அலமாரியில் வைத்துவிடுங்கள்.